பஸ்ஸில் கேட்ட கேள்விக்கு அம்மப்பா சொன்ன பதில்

தம்பி, மற்றவர்களும் இதை வாசிப்பார்கள் என்பதால் நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் அம்மப்பா களுவாஞ்சிக்குடிக்காரர். கல்லோயாத் திட்டத்தில் வேலை செய்த தகப்பனோடு சின்ன வயதில் அம்பாறைப் பக்கம் வளர்ந்தவர். அதனால் சிங்களம் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. 1956 யூனில் அங்கே தமிழருக்கு எதிராக நடந்த கல்லோயாக் கலவரத்துக்குப் பிறகு குடும்பம் ஊருக்குத் திரும்பியது. 1983 ஆடிக் கலவரத்தில் கொழும்பில் அவர் போன பஸ்ஸை மறித்து ஏறியவர்கள், வாளிக்குச் சிங்களத்தில் என்ன என்று கேட்டார்கள். சொன்னார், விட்டுவிட்டார்கள். பக்கத்து இருக்கையில் இருந்தவர் கல்லாற்றுக்காரர். அதுவரை இரண்டு பேரும் தமிழில் கதைத்துக்கொண்டு வந்தவர்கள். ‘இவன் ஆர்?’ என்று கேட்டபோது அம்மப்பா ‘தெரியாது’ என்றார். அந்த ஆளை இறக்கிக் கொண்டுபோனார்கள். சாவதற்குச் சில மாதங்களுக்கு முன்தான் இதை உங்கள் அம்மாவிடம் வாய் திறந்து சொன்னாராம்.

நீங்கள் கேட்பவை மூன்று. அவர் செய்தது பிழையா? ஒரு சொல்லை வைத்து ஒருவர் இன்ன இனம் என்று உண்மையிலேயே கண்டுபிடிக்க முடியுமா? உங்கள் மகளை ‘ஒருத்தரும் கண்டுபிடிக்க ஏலாத மாதிரி’ சிங்களம் கதைக்கப் பழக்கச் சொல்லி அம்மா நிற்கிறார், சிங்கள வகுப்புக்கு அனுப்பலாமா?

இரண்டாவதில் தொடங்குகிறேன். அது தெளிந்தால் முதலாவதில் கொஞ்சப் பாரம் தானாக இறங்கும்.

கேட்ட சொல் ‘பால்திய’. அதன் முதல் ஒலியைச் சிங்களவர் சொல்வதுபோலச் சொல்லித் தொண்டையில் விரலை வைத்துப் பாருங்கள், அதிரும். குடிக்கிற பாலைச் சொல்லும்போது அந்த முதல் ஒலியில் அதிர்வு இராது. தமிழ்ச் சொல்லின் தொடக்கத்தில் வரும் பகரம் அதிராத ஒலி. அதற்காக அதிரும் ஒலி நம்மிடம் இல்லை என்றில்லை. தம்பி, பாம்பு, கம்பு எல்லாவற்றிலும் மகரத்துக்குப் பின்னால் வருவது அதுதான். அம்பாறை என்று ஊர்ப்பெயரைச் சொல்கிற ஒவ்வொரு தமிழ் வாயும் அந்த ஒலியைச் சிரமமில்லாமல் சொல்கிறது. இடம்தான் வேறு. சொல்லின் நடுவில் சரளமாக வருகிற அதே ஒலியைத் தொடக்கத்தில் கேட்டால், பழகாத வாயில் அது பகரமாகவோ வகரமாகவோ விழும். போர்த்துக்கேயரின் ‘பாங்கோ’ நம் வீட்டு வாங்கு ஆனதும், ஆங்கிலேயரின் பாங்க் வங்கியானதும், அந்தக் காலத்துக் கிழவிகள் பஸ்ஸை ‘வசு’ என்றதும் இந்த வழியில்தான். இதிலே ஒரு வேடிக்கையும் இருக்கிறது. பால்திய என்பது சிங்களத்துக்கே வந்த சொல், போர்த்துக்கேயர் கொண்டுவந்தது. நம் வாளியும் அதே சொல்லின் வழிதான் என்பார்கள் அகராதிக்காரர்கள். போர்த்துக்கேயன் விட்டுப்போன வாளியை வைத்து, இந்த மண்ணுக்குரியவன் யார் என்று பார்த்திருக்கிறார்கள்.

சரி, அப்படியானால் சோதனை வேலை செய்யுமா? ஒருவர் ஒரு மொழியை எந்த வயதில், யாரோடு பழகிக் கற்றார் என்பதை அது ஓரளவு காட்டும். அதற்கு மேல் ஒன்றும் காட்டாது. சின்ன வயதில் சிங்களப் பிள்ளைகளோடு விளையாடிய தமிழன் ‘பால்திய’வை அப்பழுக்கில்லாமல் சொல்வான், உங்கள் அம்மப்பா சொன்னதுபோல. ஆங்கிலம் படித்துக் கந்தோர் வேலைக்குப் போனவனுக்கும் அந்த ஒலி பழகியிருக்கும். அகப்பட்டவர்கள் யார் என்று பாருங்கள். ஊரிலிருந்து புதிதாக வந்தவர்கள், வயதானவர்கள், வீட்டை விட்டு அதிகம் வெளியே போகாத பெண்கள். அப்புறம், சிங்களம் நன்றாகத் தெரிந்தும் பயத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டவர்கள். தமிழர் என்று சந்தேகிக்கப்பட்டு அடிபட்ட சிங்களவர்களும் உண்டு. ஆக இனத்தை அளக்கப் போய் அவர்கள் அளந்தது படிப்பையும் வசதியையும் பயத்தையும்தான்.

அந்தச் சோதனைக்காரர்களே அதை முழுக்க நம்பவில்லை என்பதையும் கவனியுங்கள். 1958இலும் சரி 1983இலும் சரி, ஒரு சொல்லோடு அவர்கள் நிற்கவில்லை. பௌத்த காத்தா, அதாவது வழிபாட்டுச் செய்யுள், சொல்லச் சொன்னார்கள், சிங்களப் பேப்பரை நீட்டி வாசிக்கச் சொன்னார்கள், காது குத்தியிருக்கிறதா என்று பார்த்தார்கள், பொட்டு வைத்த அடையாளம் தேடினார்கள். ஒன்று சரியாக வந்தால் அடுத்தது. யாரை இறக்குவது என்ற எண்ணம் ஏறும்போதே பாதி முடிந்திருக்கும், கேள்வி அதற்கு ஒரு சாட்டு.

உலகத்தில் இது புதிதும் இல்லை. வேதாகமத்தில் நியாயாதிபதிகள் புத்தகம் 12ஆம் அதிகாரத்தில், யோர்தான் ஆற்றுத் துறையில் எப்பிராயீம் ஆட்களை ‘ஷிபோலேத்’ சொல்லச் சொல்லி, ‘சிபோலேத்’ என்றவர்களை வெட்டிய கதை இருக்கிறது. 1937இல் டொமினிக்கன் குடியரசில் ஹெயிட்டிக்காரரைக் கொன்றபோது ஒரு கீரையின் ஸ்பானியப் பெயரைச் சொல்லச் சொன்னதாகச் சொல்வார்கள். ஆனால் எனக்கு எப்போதும் நினைவில் நிற்பது யப்பான். 1923 செப்டம்பர் 1ஆம் திகதி கான்டோ பூகம்பம். கொரியர்கள் கிணற்றில் நஞ்சு போடுகிறார்கள் என்று வதந்தி. தெருத்தெருவாக மறித்து ‘பதினைந்து யென் ஐம்பது சென்’ என்பதை யப்பானிய மொழியில் சொல்லச் சொன்னார்கள், கொரிய வாய்க்கு அதன் முதல் ஒலிகள் சிரமம் என்று. ஐந்து நாள் கழித்து ஃபுகுதா என்ற கிராமத்தில், ககாவாப் பக்கமிருந்து மருந்து விற்க வந்த ஒன்பது பேரைக் கொன்றார்கள். அவர்கள் யப்பானியர். பேச்சுத்தான் அந்த ஊர்க்காரருக்குப் பழக்கமில்லாத வட்டாரப் பேச்சு. அக்கரைப்பற்றிலிருந்து யாழ்ப்பாணம் போனவரை ‘உன்ர தமிழ் சரியில்லை, நீ தமிழன் இல்லை’ என்று சொல்லிக் கொல்வதற்குச் சமம்.

இனி, இன்னொரு பக்கத்தையும் மறைக்கக் கூடாது. பேச்சைக் கேட்டு ஆளை ஊகிக்க முடியாது என்று நான் சொல்லவில்லை. நன்றாகவே முடியும். அமெரிக்காவில் 1999இல் வெளியான ஓர் ஆய்வில், வாடகை வீடு கேட்டு ஒரே ஆள் மூன்று விதப் பேச்சில் தொலைபேசி எடுத்துப் பார்த்தார். வெள்ளையர் பேச்சுக்குக் கிடைத்த வரவேற்பு கறுப்பர் பேச்சுக்கும் மெக்சிக்கர் பேச்சுக்கும் பல இடங்களில் கிடைக்கவில்லை. ‘ஹலோ’ என்ற ஒரு சொல்லே பலருக்குப் போதுமாக இருந்தது. ஆனால் 1992இல் வந்த இன்னோர் ஆய்வு இதற்கு மறுகரை. ஒரே ஒலிப்பதிவு, ஒரே குரல், பேசியவர் அமெரிக்கர். ஒரு மாணவர் கூட்டத்துக்கு வெள்ளைக்காரியின் படத்தையும் மற்றக் கூட்டத்துக்கு ஆசியப் பெண்ணின் படத்தையும் காட்டிக் கேட்க வைத்தார்கள். ஆசிய முகத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டவர்களுக்குப் பாடம் குறைவாக விளங்கியது, இல்லாத உச்சரிப்பும் சிலர் காதில் விழுந்தது. கண் சொல்வதைக் காது நம்பிவிடுகிறது. ஊகம் அநேகமாகச் சரிவருவதும், சரிவராத இடத்தில்கூடச் சரிவந்ததாக நமக்குத் தோன்றுவதும் சேர்ந்துதான் இதை இவ்வளவு ஆபத்தாக்குகிறது.

எங்கள் கடற்கரையில் இருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கல்லாற்றிலிருந்து பொத்துவில் வரைக்கும் ஒரே வீதியில் தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் மாறி மாறி வருகின்றன. தாய்மொழி எல்லோருக்கும் தமிழ். குடிமுறை இரண்டு பக்கமும் தாய்வழி. ஆனாலும் தமிழ் ஊரான காரைதீவில் ஏறினவரா முஸ்லிம் ஊரான நிந்தவூரில் ஏறினவரா என்பது இரண்டு வசனத்தில் தெரிந்துவிடும். ஒரு பக்கம் கறி, மறுபக்கம் ஆணம். ஒரு பக்கம் அண்ணன், மறுபக்கம் காக்கா. ‘மறுகா’வும் ‘என்னகா’வும் இரண்டுக்கும் பொது. யுத்த காலத்தில் இந்தச் சின்ன வித்தியாசங்கள் என்ன பாடுபடுத்தின என்பதை இங்குள்ள நாற்பது வயதுக்கு மேற்பட்ட எவரைக் கேட்டாலும் சொல்வார்கள். சென்றியில், அதாவது படையினரின் சோதனைச் சாவடியில், பஸ் நிற்கும். ஆண்கள் எல்லாரும் ஐசியைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கி நடக்க வேண்டும். பழைய அடையாள அட்டைகள் வடக்குக் கிழக்குக்காரருக்கு மட்டும் தமிழும் சிங்களமும் இரண்டிலும் இருக்கும், மற்றவர்களுக்குச் சிங்களம் மட்டும். வாயைத் திறக்கத் தேவையே இல்லை, அட்டையே கதைத்துவிடும். பஸ்ஸுக்குள் இருக்கிற தாய் மகனுக்கு மெல்லச் சொல்வாள்: ‘நீ ஒண்டும் கதையாத மனே, கேட்டா நான் சொல்றன்.’

இதில் நம் பக்கத்துக் கணக்கையும் சொல்லாமல் போனால் நான் பொய்யன். 1990 யூலையில், கல்முனையிலிருந்து காத்தான்குடிக்குப் போகிற அதே வீதியில், குருக்கள்மடத்தில், முஸ்லிம் பயணிகளை வாகனங்களிலிருந்து இறக்கிக் கொண்டுபோனது புலிகள் இயக்கம். அவர்கள் திரும்பி வரவில்லை. அங்கே இறக்கப்பட்டவர்களும் தமிழில்தான் கெஞ்சியிருப்பார்கள்.

அப்படி ஒரு சரித்திரம் இருந்தும் பேச்சை வைத்துப் பகிடி பண்ணுவதை நாம் விட்டோமா? நாடகத்தில் சிங்களப் பொலிஸ்காரன் வந்தால் ‘நீ எங்க போறது, நான் அடிக்கிறது’ என்று கதைக்க வேண்டும், சனம் சிரிக்க வேண்டும். முஸ்லிம் பாத்திரம் வந்தால் வியாபாரத் தந்திரத்தோடு ஓர் இழுவை இழுக்க வேண்டும். மலையகத்தார் பேச்சுக்கு வேறொரு நக்கல். நம்மையும் யாழ்ப்பாணத்தார் விட்டுவைத்ததில்லை, மட்டக்களப்பான் மந்திரம் போட்டுப் பாயோடு ஒட்டிவிடுவான் என்பார்கள், நம் பேச்சின் இனிமையே அந்த மந்திரத்தின் பாகம் என்பதுபோல. இத்தனைக்கும் பேச்சுத்தமிழ்களில் எழுத்துத்தமிழுக்கு மிகக் கிட்ட நிற்பது மட்டக்களப்புத் தமிழ் என்று மொழியியலாளர் கமில் சுவலபில் எழுதியிருக்கிறார். பாயைப் பற்றிக் கதைத்தவர்களுக்கு அது தெரியாது. இந்தப் பகிடிகள் எல்லாம் கொலை என்று நான் சொல்லவில்லை. ஆனால் ‘இப்படிக் கதைக்கிறவன் இப்படிப்பட்டவன்’ என்கிற இணைப்பை ஒவ்வொரு சிரிப்பும் இன்னும் கொஞ்சம் இறுக்கிவிடுகிறது. பஸ்ஸில் ஏறியவன் அதைப் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை.

அந்த இணைப்பு ஒட்டாத இடங்களும் நம் மாவட்டங்களிலேயே இருக்கின்றன. பொத்துவிலுக்குத் தெற்கே பாணமையில் சிங்களமும் தமிழும் ஒரே வீட்டுக்குள் கலியாணம் முடித்திருக்கின்றன. வாகரைப் பக்கத்துக் கரையோர வேடர் இன்று தமிழில்தான் கதைக்கிறார்கள். மட்டக்களப்புப் பறங்கியர் சிலர் வீட்டில் போர்த்துக்கேயக் கிரியோல் கதைத்து, சந்தையில் தமிழ் கதைத்தவர்கள். இவர்களிடம் போய் வாளியைக் கேட்டால் என்ன தெரியவரும்?

இனி முதலாவது கேள்வி. இதற்கு அம்பாறையில் நடந்த ஒன்றைச் சொல்லித்தான் வர வேண்டும். 2018 பெப்ரவரி 26 இரவு, அம்பாறை நகரத்தில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடை. கறிக்குள் கட்டியாக ஏதோ கிடக்கிறது என்று சாப்பிட வந்த சிங்களவர் ஒருவர் சத்தம் போட்டார். கூட்டம் கூடியது. சிங்களவர்களை மலடாக்க முஸ்லிம்கள் மாத்திரை போடுகிறார்கள் என்று ஏற்கெனவே பேஸ்புக்கில் ஒரு வதந்தி ஓடிக்கொண்டிருந்த காலம். காசுமேசையில் நின்றவருக்குச் சிங்களம் அரைகுறை. என்ன கேட்கிறார்கள் என்றே சரியாக விளங்கவில்லை. சுற்றிவர ஆட்கள், முகத்துக்கு நேரே போன். ஏதாவது சொல்லி ஆட்களைச் சமாதானப்படுத்த வேண்டும். ‘ஓம், போட்டது’ என்கிற மாதிரி உடைந்த சிங்களத்தில் ஏதோ சொன்னார். அவ்வளவுதான். அது ஒப்புதல் வாக்குமூலமாகி நாடு முழுக்கப் பரவியது. கடையை உடைத்தார்கள், பள்ளிவாசலைத் தாக்கினார்கள். அரசாங்கப் பகுப்பாய்வாளர் திணைக்களம் சோதித்துப் பார்த்து அது வெறும் மாக்கட்டி என்றது. அப்படி மலடாக்கும் மாத்திரை ஒன்று மருத்துவத்தில் இல்லவே இல்லை. ஆனால் அதற்குள் கண்டிப் பக்கம் திகனவில் வீடுகளும் கடைகளும் எரிந்து, மார்ச் 6ஆம் திகதி அவசரகாலச் சட்டமும் வந்துவிட்டது. தன் தளம் அதில் வகித்த பங்குக்காக பேஸ்புக் 2020இல் மன்னிப்புக் கேட்டது.

இதையே சட்டத்தின் பெயரிலும் செய்தார்கள். 1993இல் மட்டக்களப்பில் ஒரு சுற்றிவளைப்பில் பிடிபட்ட தமிழ் இளைஞர் ஒருவரின் வழக்கு, பின்னாளில் ஐநா மனித உரிமைக் குழுவரை போனது. அவருக்குத் தெரிந்தது தமிழ் மட்டும். வாக்குமூலம் சிங்களத்தில் தட்டச்சு செய்யப்பட்டது. பெருவிரலை வைத்தார். 1995இல் ஐம்பது வருடச் சிறை, மேல்முறையீட்டில் அது 35 வருடமானது. பயங்கரவாதத் தடைச் சட்டப்படி, அடித்து வாங்கினார்கள் என்பதை அவர்தான் நிரூபிக்க வேண்டும். அப்படி நிரூபிக்கச் சொன்னதே நியாயமான விசாரணைக்கு மாறானது என்று 2004இல் அந்தக் குழு சொன்னது.

கடைக்காரரின் ‘ஓம்’, அந்த இளைஞரின் பெருவிரல், உங்கள் அம்மப்பாவின் ‘பால்திய’ மூன்றும் எனக்கு ஒரே வகைதான். உயிரைப் பிடித்துக்கொண்டு கேட்கப்படுவது கேள்வியே இல்லை. கேள்வி என்றால் பதில் சொல்கிறவனுக்கு எந்தப் பதிலையும் சொல்லலாம் என்ற இடம் இருக்க வேண்டும். ஒரு பதிலுக்கு வாழ்வும் மறுபதிலுக்குச் சாவும் என்று வைத்தவன் உண்மையைக் கேட்கிற உரிமையை இழந்துவிட்டான். அவனிடம் ‘நான் சிங்களம்’ என்று காட்டிக்கொண்டது பொய் என்ற கணக்கிலேயே வராது.

இதற்கு எதிர்வாதம் இல்லாமல் இல்லை. ஜெர்மன் தத்துவஞானி கான்ட் 1797இல் ஒரு கட்டுரை எழுதினார். கொலைகாரன் கதவைத் தட்டி, நீ ஒளித்துவைத்த நண்பன் உள்ளே இருக்கிறானா என்று கேட்டாலும் பொய் சொல்லக் கூடாது என்றார். கான்ட் பெரிய மூளை, ஆனால் அவர் வீட்டுக் கதவை அப்படி யாரும் தட்டியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். நம் ஆட்களுக்கு அந்தக் குழப்பம் இல்லை. குற்றமில்லாத நன்மை தருமானால் பொய்யும் உண்மையின் இடத்தில் நிற்கும் என்று வள்ளுவர் சொல்லிவிட்டார். காத்தான்குடி, ஏறாவூர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அம்மார் இப்னு யாசிரின் கதை தெரியும். தாயையும் தகப்பனையும் கொன்றார்கள். சித்திரவதை தாங்காமல் அவர் இஸ்லாத்தை மறுத்துச் சொல்லிவிட்டு அழுதுகொண்டு நபிகளிடம் வந்தார். உள்ளம் எப்படி இருக்கிறது என்றுதான் நபிகள் கேட்டார்கள். நெருக்குதலில் வாயால் மறுத்து, உள்ளத்தில் ஈமான் அமைதியோடு இருப்பவர் மேல் குற்றமில்லை என்று குர்ஆனில் 16ஆம் அத்தியாயம் 106ஆம் வசனம் இருக்கிறது.

பேதுருவின் கதை கொஞ்சம் கடினமானது, உங்கள் அம்மப்பாவுக்குக் கிட்டவும் வருவது. இயேசுவைப் பிடித்துக்கொண்டுபோன இரவு, முற்றத்தில் நின்ற பேதுருவை மடக்கியவர்கள், உன் பேச்சே உன்னைக் காட்டிக்கொடுக்கிறது என்றார்கள். கலிலேயாப் பேச்சு. அவரும் சத்தியம் பண்ணிச் சொன்னார், அந்த மனுஷனை எனக்குத் தெரியாது என்று. உங்கள் அம்மப்பா சொன்னதும் அதே ‘தெரியாது’தான்.

இங்கேதான் நிதானமாகப் பார்க்க வேண்டும். தன்னைப் பற்றிச் சொன்னது ஒன்று, மற்ற ஆளைப் பற்றிச் சொன்னது இன்னொன்று. முதலாவதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. இரண்டாவதில், அவர் ‘இவன் தமிழன்’ என்று சொல்லவில்லை. கையைக் காட்டவில்லை. அந்த வித்தியாசத்தை எங்கள் பகுதி மற்ற எவரையும்விட நன்றாக அறியும். 1990 செப்டம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் அகதிகளாக இருந்த சனத்தை வரிசையில் நடக்கவிட்டு, முகம் மூடியவர்களைக் கொண்டு ஆள் பிரித்தார்கள். கொண்டுபோனது 158 பேரை. எங்கள் ஊர்களில் அப்படி முகம் மூடி நிற்பவருக்குத் தலையாட்டி என்று பெயர். தலையாட்டிகளிலும் பலர் காம்பில் அடிபட்டுச் சாகக் கிடந்தவர்கள்தான். அவர்களும் உயிர் பிழைக்கத்தான் ஆட்டினார்கள். ஆனாலும் அந்த ஆட்டலுக்கும் ‘தெரியாது’ என்பதற்கும் இடையில் ஒரு கோடு இருக்கிறது. ஒன்று இன்னொருவரைக் கொலைக்குத் தேர்ந்தெடுக்கிறது, மற்றது தேர்வில் பங்கெடுக்காமல் ஒதுங்குகிறது. நம் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவைகூட, உடனே கொன்றுவிடுவேன் என்ற மிரட்டலில் செய்ததைப் பெரும்பாலும் குற்றமாக எடுக்காது. கொலைக்கும், மரணதண்டனைக்குரிய அரச விரோதக் குற்றங்களுக்கும் அந்த விலக்கைக் கொடுக்க மறுக்கிறது. உன் உயிரைக் காக்கப் பொய் சொல்லலாம், பணியலாம், ஓடலாம், இன்னோர் உயிரை விலையாகக் கொடுக்கக் கூடாது என்பதுதான் அதன் எல்லை. அம்மப்பா அந்த எல்லைக்கு இப்பால்தான் நின்றார்.

அவர் ‘இவர் எங்கட ஆள், என்னோட வாறவர்’ என்று சொல்லியிருக்கலாமா? சொல்லியிருக்கலாம். அந்த நாட்களில் அப்படிச் சொல்லித் தமிழரைக் காப்பாற்றிய சிங்களவர்கள் எத்தனையோ பேர். ஆனால் அவர்கள் சிங்களவர்கள். பிடிபட்டால் அவர்களுக்கும் அடி விழும்தான், ஆனாலும் அவர்களின் ‘பால்திய’வுக்குப் பின்னால் வேறொரு பேர் ஒளிந்திருக்கவில்லை. உங்கள் அம்மப்பா அதைச் சொல்லியிருந்தால், அடுத்த ஆளிடம் வாளியைக் கேட்டவுடன் இரண்டு பேரும் இறங்கியிருப்பார்கள். சொல்லியிருந்தால் அது மகா தைரியம். அதைச் செய்யாததைக் குற்றம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

உங்கள் கேள்வியில் நீங்கள் கவனிக்காத ஒன்று இருக்கிறது. அவர்கள் இரண்டு பேரும் வழி நெடுக தமிழில் கதைத்துக்கொண்டு வந்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் முன் இருக்கைக்காரனுக்குக் கேட்டிருக்கும், பின் இருக்கைக்காரனுக்குக் கேட்டிருக்கும், கொண்டக்டருக்குத் தெரிந்திருக்கும். ‘இவனும் தமிழன்’ என்று ஒருவர் வாய் திறந்திருந்தாலும் உங்கள் அம்மா இன்று இல்லை. அம்மப்பாவைக் காப்பாற்றியது அவருடைய உச்சரிப்பு மட்டும் இல்லை, அந்தப் பஸ்ஸில் இருந்த சிங்களச் சனத்தின் மௌனமும்தான். அதே மௌனம் மற்ற ஆளைக் காப்பாற்றப் போதவில்லை. எழும்பிநின்று ‘விடுங்கடா’ என்று சொல்ல அந்தப் பஸ்ஸில் ஆபத்துக் குறைவாக இருந்தவர்கள் அவர்கள்தான். பழி பங்குபோடுவதாக இருந்தால், முதலில் ஏறியவர்களுக்கு. பிறகு அவர்களைத் தெருவில் விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்த அரசாங்கத்துக்கும் பொலிசுக்கும். அதற்குப் பிறகு பஸ் நிறைய இருந்தவர்களுக்கு. அம்மப்பாவின் முறை வரும்போது மிஞ்சுவது மிகக் கொஞ்சம்.

அவருக்கு மனம் ஆறவில்லை என்றால் அது அவர் பிழை செய்தார் என்பதற்கு அத்தாட்சி ஆகாது. பிழை செய்யாத மனிதரும் துக்கப்படலாம். கல்லாற்றுக் குடும்பத்தைத் தேடிப் போக வேண்டும் என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். போங்கள், ஆனால் மன்னிப்புக் கேட்கப் போகாதீர்கள். அவரைக் கடைசியாகக் கண்டவர் ஒருவர் இருந்தார், இந்த இடத்தில், இந்த நேரத்தில் என்ற செய்தியைக் கொடுக்கப் போங்கள். காணாமல் போனவர் வீட்டில் அந்த ஒரு தகவலுக்காகக் காத்திருக்கிற ஆள் இப்போதும் இருக்கக்கூடும். மன்னிக்கிற வேலையையும் அவர்கள் தலையில் சுமத்த வேண்டாம்.

மூன்றாவது கேள்விக்குச் சுருக்கமாக. மகளை அனுப்புங்கள். அம்மா சொல்கிற காரணத்துக்காக வேண்டாம். அம்மாவின் பயம் எனக்கு விளங்குகிறது. ஆனால் ஐசி கையில் இருக்கிற நாட்டில் உச்சரிப்பால் ஒளிய முடியாது. அப்படி ஒளியப் பழக்கிய பிள்ளை தன் வீட்டுப் பேச்சையே வெளியில் மறைக்க வேண்டிய ஒன்றாக எண்ணத் தொடங்கும். வயது எட்டு என்கிறீர்கள். இந்த வயதில் சிங்களப் பிள்ளைகளோடு விளையாடக் கிடைத்தால் ‘பால்திய’ தானாக வரும், யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. வகுப்பு பார்க்கும்போது ஒன்றை மட்டும் விசாரியுங்கள். எங்கள் பக்கம் பல இடங்களில் பேச்சுச் சிங்களத்தை மட்டும் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்து முடித்துவிடுகிறார்கள். தமிழ் 1987இலிருந்து அரசகரும மொழிதான், ஆனாலும் பொலிசில் கொடுத்த முறைப்பாடு எழுதப்பட்டுத் திரும்பி வரும்போது பல வேளை சிங்களத்தில்தான் வருகிறது. எழுத்தையும் வாசிப்பையும் ஒழுங்காகப் படிப்பிக்கிற ஆசிரியராகப் பாருங்கள்.